வீரன் முதுகில் ஒரு மாவடுப் பரணி

என் தலைக்கு மூட்டை ஏற்றிவிட்ட தாணுவுக்கு, கீழே இருந்து இசக்கி எழுதுவது.

சுகமா? அங்கே உன்னைக் கேலி செய்ய ஆள் உண்டா, இல்லை தொல்லை விட்டது என்று காலை நீட்டிப் படுத்திருக்கிறாயா? இங்கே எல்லாரும் சுகம். உன் வீட்டு முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது. உன் பெண் லதா கழக்கூட்டத்திலிருந்து ஞாயிறுதோறும் வருகிறாள். பாதி நேரம் வண்டி நெருக்கடியில் நிற்கிறேன் என்று போனில் சொல்கிறாள், மீதி நேரம் இங்கே வந்து தூங்குகிறாள். எனக்கு மேல்வரிசையில் இன்னொரு பல் போய்விட்டது. நீ இருந்திருந்தால் அதற்கே ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து நீ சொன்னது நினைவிருக்கிறதா?

"லே இசக்கி, அந்தப் பரணிய மாமியார் வீட்டுல கொண்டு சேத்துருலே. வழியில போட்டுட்டு ஓடிராத. ஒரு கேமாவது முடிச்சுருலே, கேட்டியா?"

செரி என்று தலையாட்டினேன். நீ போய் ஏழு மாசம் ஆகிறது. அந்தப் பரணியின் கதி என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சேர்த்தேனா இல்லையா என்பதை இப்போதே சொல்லமாட்டேன். சொன்னால் மிச்சத்தைப் படிக்காமல் திரும்பிப் படுத்துக்கொள்வாய். உன்னை எனக்குத் தெரியும்.

இதைச் சாலைக் கம்போளத்தில், சந்தைக்குள்ளே நம் ஆட்கள் உட்காருகிற ஷெட்டில் ஒட்டப் போகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நம் விவரம் ஒன்றும் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள்.

நீயும் நானும் முப்பத்தைந்து வருஷம் அந்தச் சாலைச் சந்தையில் சுமடு தூக்கினோம். நீ மூட்டையைப் பிடித்து உயர்த்துவாய், நான் சும்மாடு வைத்த தலையைக் கொடுப்பேன். முட்டி தேய்ந்து இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்த பிறகு, லதா தனக்கென்று வாங்கின கேம் மெஷினை உன் ஆரியசாலை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கழக்கூட்டம் பிளாட்டுக்குப் போனாள். அதில் இருந்ததெல்லாம் வேஷம் கட்டி ஆடுகிற விளையாட்டு. நாம் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ ஆகிவிட வேண்டும். அவன் ஊர் ஊராகப் போவான், கண்டவர்களோடு எல்லாம் பேசுவான், சண்டை போடுவான், போகப் போக அவனுக்குப் பலம் கூடும். ஒரு கதை முடிய நூறு மணி நேரம் ஆகும் என்றாள் லதா.

அப்போது என் வீட்டுக்காரி பொன்னம்மா போய் மூன்று மாசம். நான் வாசலுக்கு வருவதையே விட்டிருந்தேன். நீ வந்து கதவைத் தட்டினாய்.

"லே, வா. ஒரு ராட்சசன அடிக்கணும். எனக்கு ரெண்டு கை போதல."

அப்படித்தான் தொடங்கியது. மத்தியானச் சோறு முடிந்ததும் நான் வந்துவிடுவேன். சண்டை என் வேலை, வாசிப்பு உன் வேலை. நீ பத்தாம் வகுப்பு. திரையில் வரும் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்து எனக்குத் தமிழில் சொல்வாய். நான் நாலாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டவன். சண்டை இல்லாத நேரத்தில் கண்ட்ரோலர் உன் கைக்குப் போகும். நான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு நோக்குகூலி கேட்பேன்.

"வேலை செய்யாம பாத்துக்கிட்டு நின்னதுக்குக் கூலி கேக்கறதெல்லாம் சட்டப்படி நிறுத்தியாச்சுலே" என்பாய் நீ.

"எனக்குச் சட்டம் வேண்டாம், ரெண்டு பழம்பொரி போதும்" என்பேன். உள்ளேயிருந்து சூடாகப் பழ பஜ்ஜி வரும். வைத்துவிட்டுப் போகிற கை உன் வீட்டுக்காரி, என் மைனி, சரோஜத்தின் கை. ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

நீ தொட்டதை முடிப்பவன். நான் ருசி பார்ப்பவன். சாலையில் அரிசி வாங்க வருகிறவர்கள் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்களே, அந்த மாதிரி. முதல் விளையாட்டில் வீரனுக்கு முகம் நாமே வைக்கலாம் என்றார்கள். இரண்டு மத்தியானம் மீசைக்கே போயிற்று. மீசை அமைந்து, கதை தொடங்கிக் கால் மணி நேரத்தில் எனக்குப் பல்வலி வந்துவிட்டது, விட்டுவிட்டேன். இன்னொன்றில் நீ ஒரு அடி, நான் ஒரு அடி என்று முறை வைத்து அடிக்க வேண்டும். ரேஷன் கடை வரிசையில் நிற்பது மாதிரி இருந்தது. ஆனாலும் பத்து நாள் ஆடினேன். பிறகு கரண்ட் போகும் போலிருக்கிறது என்று எழுந்து வந்தேன். மூன்றாவதில் உலகம் அழியப் போகிறது, காப்பாற்று என்று ஒரு ராணி அழுதாள். நான் அவள் அரண்மனைக்குப் பின்னால் ஒரு குளத்தைக் கண்டுபிடித்து இரண்டு வாரம் மீன் பிடித்தேன். துணி காயப்போட்டிருக்கிறேன் என்று அதிலிருந்தும் எழுந்தேன். நாலாவதில் எனக்கு ஒரு வெள்ளைக் குதிரை. அருமையான குதிரை. ஆனால் கண் எரிச்சல்.

நான் விட்டதையெல்லாம் நீ தனியாக உட்கார்ந்து முடித்தாய். மறுநாள் என்னைப் பார்த்து, "நக்கிப் பாத்துட்டுப் போறவனே, வந்தியா?" என்று கேட்பாய். நான் பதிலுக்கு ஏதாவது சொல்வேன். அது இங்கே ஒட்டுகிற கடிதத்தில் எழுதத் தக்கதல்ல.

அதன் பிறகுதான் இந்தப் பரணி விளையாட்டு வந்தது.

தொடங்கியதும் ஒரு ஆள் மலையடிவாரத்தில் நிற்கிறான். முதுகில் ஊறுகாய் ஜாடி மாதிரி ஒரு மண்பரணி, அதன் வாயில் சிவப்புத் துணி சுற்றிக் கட்டியிருக்கிறது. எழுத்து ஓடிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய்.

"என்னலே எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"இவன் நம்ம ஆளுலே" என்றாய். "சுமட்டுக்காரன். முதலாளிக்கு மலை மேல மாந்தோப்பு. முதலாளியோட மாமியார் கடற்கரையில இருக்கா. வாய்க்கு ருசியில்லன்னு ஆளனுப்பியிருக்கா. இது அவளுக்கு உள்ள மாவடு."

நான் அப்படியே விழுந்துவிட்டேன். எங்கோ சீமையில் உட்கார்ந்து ஒருத்தன் சுமட்டுக்காரனை வீரனாக வைத்து விளையாட்டு செய்திருக்கிறான்! அன்றைக்கு ஷெட்டில் வந்து எல்லாரிடமும் சொன்னேன். நீங்களும் நம்பினீர்களே, இப்போது அங்கே நின்று படித்துக்கொண்டிருப்பவர்களே, மறந்துவிட்டீர்களா?

அந்த வீரன் அறுபது கிலோ எடுத்தால் ஓடமாட்டான். மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவான். "அறுபது கிலோவுக்கே இந்தப் பாடா? இவனையெல்லாம் யாருலே கூட்டத்துல சேத்தது?" என்று நான் திரையைப் பார்த்துத் திட்டுவேன். வாள், கேடயம், சோறு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கீழே போட்டு எடை குறைப்பேன். பரணியை மட்டும் போட முடியாது. பரணி மேல் வைத்துப் பட்டனை அமுக்கினால் சிவப்பாக ஒரு வரி வரும்.

"மாவடுப் பரணியக் கண்ட இடத்துல வைக்கப்படாதுலே, பூசணம் பூத்துப் போகும்" என்று நீ படித்துச் சொன்னாய். நான் நம்பினேன். என் அம்மை அப்படித்தான் சொல்வாள். ஈரத்தரையில் வைக்காதே, கை போடாதே, கட்டின துணியை அவிழ்க்காதே என்று.

வழியில் ஒரு ஆறு. கரையில் ஒரு படகுக்காரி. அவளைப் பார்த்ததும் நீ முகத்தைச் சுளித்தாய். "இவ மாமியாரோட நாத்தனார். ஊறுகாயில பங்கு கேக்குகா. அந்த மூணாவது வரிய அமுக்குலே. ‘மாறி நில்லு’ன்னு போட்டிருக்கு."

அமுக்கினேன். மூன்று தடவை அவளிடம் போனோம், மூன்று தடவையும் மாறி நில் என்றோம். அவளைத் தாண்டாமல் சதுப்பு வழியே கடலுக்குப் போகிற பாதையைத் தேடி இரண்டு மாசம் சேற்றில் நடந்தோம். அட்டை கடித்தது, முதலை துரத்தியது, சேற்றில் வீரனின் செருப்பு போயிற்று. எனக்குப் பல்வலி வரவில்லை, கண் எரியவில்லை. ஒரு நாள் கூட எழுந்து போகவில்லை. அதைக் கவனித்தாயா என்று நான் கேட்டதில்லை. நீ கவனித்திருக்கிறாய்.

அந்தச் சேற்றில் நடந்துகொண்டிருந்தபோதுதான் உன் நெஞ்சு வலித்தது.

நீ போன பிறகு ஆறு மாசம் நான் ஆரியசாலைப் பக்கமே வரவில்லை. மைனி போன் செய்தாள்.

"மெஷின் மேல தூசி ஏறிக் கிடக்கு. நீங்க வாறீங்களா, இல்ல ஆக்ரிக்காரன் வரும்போது பழைய இரும்போட தூக்கிக் கொடுத்துரட்டா?"

ஓடி வந்தேன். செருப்பைக்கூடச் சரியாகப் போடவில்லை.

உட்கார்ந்து போட்டேன். சேற்றில் விட்ட இடத்திலேயே நம் ஆள் பரணியோடு நின்றான். வாசிக்கத்தான் ஆளில்லை. பேச்சு வந்தால் கண்ணுக்குத் தோன்றிய வரியை அமுக்கிக்கொண்டு நடந்தேன். மூன்றாம் நாள் ஒரு குடிசையில் தாடிக்காரக் கிழவன் ஒருவன் வந்து கை நீட்டி ஏதோ பேசினான். எனக்குப் புரியவில்லை. ஆனால் உன்னைப் போல நாமே சொல்லிக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

"இவன் வழி சொல்லுகான் போல. ஒரு மாவடு தந்தா குறுக்கு வழி காட்டுவேங்குகான்" என்று சத்தமாகச் சொன்னேன்.

அடுக்களை வாசலிலிருந்து குரல் வந்தது. "வழியொண்ணும் சொல்லல."

திரும்பினால் மைனி. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறாள். தபாலாபீசில் முப்பது வருஷம் கடிதம் பிரித்தவள். எவன் கிறுக்கின இங்கிலீஷையும் தூரத்திலிருந்தே வாசிப்பாள். அது எனக்கு எப்படி மறந்தது?

"‘உன் அண்ணனும் நானும் சின்ன வயசுக் கூட்டாளி. போறதுக்கு முன்ன அவன் சாம்பல ஒரு தடவ தொட்டுக்கிடட்டா?’ன்னு கேக்கான்" என்றாள்.

"சாம்பலா? மைனி, அது மாவடுல்லா?"

மைனி என்னைப் பார்த்தாள். பரணியைப் பார்த்தாள். பிறகு ஒரு சத்தம் வந்தது. நான் பயந்துவிட்டேன், அழுகிறாள் என்று. இல்லை, சிரிக்கிறாள்! நாற்பது வருஷமாக நான் என்னென்னவோ சொல்லிச் சிரிக்க வைக்க முடியாத மைனி, கதவைப் பிடித்துக்கொண்டு, பிறகு தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நீ போன பிறகு அந்த வீட்டில் அதுதான் முதல் சிரிப்பு.

"அப்போ முதலாளி?" என்று கேட்டேன்.

"அது ராஜா. இவனோட அப்பா."

"மாமியார்?"

"மாமியாரே கிடையாது கொழுந்தனாரே."

"பின்னே இத யாருக்குக் கொண்டு போறோம்?"

"யாருக்கும் இல்ல. கடலுக்கு."

அடப்பாவி தாணு! ஊரையே கேலி செய்கிறவன் நான். வேலைக்குப் புதிதாக வந்த உன்னை, முதல் நாளே சதுர முட்டை வாங்கி வா என்று சாலைத் தெரு முழுக்க அனுப்பியவன் நான். அந்த என்னை ஒரு வருஷம், தினமும் மத்தியானம், முகத்தில் ஒரு கோடு அசையாமல் ஏய்த்திருக்கிறாய். மைனி அடுக்களையில் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"நானும் ஒரு நாள் கேட்டேன், ஏன் இப்படிப் புளுகுதீங்கன்னு" என்றாள் மைனி. சிரிப்பு நின்றிருந்தது. "‘சாவுன்னு சொன்னா அவன் எந்திச்சுப் போயிருவான் சரோஜம்’னாரு."

"நான் எப்போ அப்படிப் போனேன்?"

"வீரனோட அம்மை செத்த அன்னைக்கு உங்களுக்குப் பல்வலி. ஆசான் செத்த அன்னைக்குக் கரண்ட் போகப் போவுது. அந்த ராணி செத்தப்போ துணி காயப்போட்டிருக்கு. குதிரை செத்தப்போ கண் எரிச்சல். நான் பழம்பொரி கொண்டு வந்து வச்சா அங்க ஆளிருக்காது. ஆறிப்போனத நான்தான் திம்பேன்."

எழுந்தேன்.

"கேஸ் அடுப்ப அணைக்காம வந்துட்டேன் மைனி."

"உங்க வீட்டுல கேஸ் கிடையாது. கரண்ட் அடுப்பு." மைனி எழுந்து போய் வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அவளைத் தாண்டித்தான் நான் வெளியே போக முடியும். தாண்டுவேனா? "இரிங்க. அவரு ஆஸ்பத்திரியில உங்ககிட்ட என்ன கேட்டாருன்னு எனக்குத் தெரியும். நான் அந்தக் கட்டில் பக்கத்துலதான் நின்னேன்."

உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து வாசிப்பு மைனி. உள்ளது உள்ளபடி. தாடிக்காரக் கிழவனைப் பரணியைத் தொடவிட்டேன். அவன் தலையைத் துணிக்கட்டின் மேல் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். நான் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் எழுந்திருக்கவில்லை. அவனே, திரும்பிப் படகுக்காரியிடம் போ, சேற்றில் வழி கிடையாது என்று சொன்னான்.

போனேன். எந்த முகத்தோடு போவது? மூன்று தடவை மாறி நில் என்று சொன்னவளிடம்?

"மாறி நில்லுன்னு அங்க எழுதியே இல்ல" என்றாள் மைனி. "மூணாவது வரி ‘நானே சுமந்துக்கிடுகேன், துணை வேண்டாம்’னு. அவ என்ன சொல்லுகான்னா, ‘என் படகுல ஏறு, ஒரே நாளுல கடல்’ங்குகா. முதல் தடவையே சொல்லியிருக்கா."

"அப்போ தாணு ஏன் வேண்டாம்னு அமுக்கச் சொன்னான்?"

மைனி என் பக்கம் திரும்பினாள். "படகுல ஏறினா கதை முடிஞ்சு போகும்லா. சேத்துல நடந்தா இன்னும் ரெண்டு மாசம் நீங்க மத்தியானம் வருவீங்க."

தாணு, இதற்கு நான் உன்னை என்ன சொல்லித் திட்டுவது? இரண்டு நாள் யோசித்தும் ஒரு கெட்ட வார்த்தையும் கிடைக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவை.

படகுக்காரி ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஏற்றிக்கொண்டாள். ஆறு அகன்று அகன்று போய்க் கடல் வந்தது. எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள்! வெயில் சாய்ந்து, அலை தங்கம் மாதிரி. வீரன் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றான். அவனே பரணியை முதுகிலிருந்து இறக்கி முன்னால் பிடித்தான். ஒரு வருஷத்தில் முதல் தடவை. திரையில் எழுத்து வந்தது.

"பட்டன அமுக்கிப் பிடிக்கணும். காலியாகிறது வரை விடப்படாது" என்று மைனி வாசித்தாள்.

அமுக்கினேன். வீரன் சிவப்புத் துணியை அவிழ்க்கத் தொடங்கினான். என் விரல் எழும்பிவிட்டது. விரல் எழும்பினதும் அவன் மறுபடி துணியைக் கட்டிவிட்டான். இன்னொரு தடவை அமுக்கினேன். இன்னொரு தடவையும் எழும்பிவிட்டது. நூறு கிலோ சுமந்த கை, தாணு. ஒரு பட்டனை அமுக்கிப் பிடிக்க முடியவில்லை.

உனக்கு ஒன்று சொல்லவில்லை. பொன்னம்மாவைக் கரைக்க நான் போகவில்லை. கலயத்தை மருமகன் கையில் கொடுத்துவிட்டு, வயிறு சரியில்லை என்று படுத்துக்கொண்டேன். உன்னை லதா மடியில் வைத்துக்கொண்டு சங்குமுகம் கடற்கரைக்குப் போன வேனில் நானும் ஏறினேன். ஈஞ்சக்கல் வந்ததும் ஒண்ணுக்கு வருகிறது என்று இறங்கினேன். வேன் காத்து நின்றது. நான் சந்து வழியாக வீட்டுக்கு நடந்துவிட்டேன். உன் பெண் இன்று வரை ஏன் மாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மைனி என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாரியிலருந்து மூட்டை இறக்கும்போது நீங்க ரெண்டு பேரும் என்ன சொல்லிக்கிடுவீங்க?" என்று கேட்டாள்.

"கீழ நிக்கவன் ‘வரட்டே’ன்னு சொல்லணும். அது காதுல விழுந்தாத்தான் மேல உள்ளவன் கைய விடுவான்."

மைனி டிவிப் பக்கம் திரும்பினாள். அந்தச் சின்ன மனுஷிக்கு எங்கேயிருந்து அந்தக் குரல் வந்ததோ, சாலைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"வரட்டே!"

அமுக்கினேன். துணி அவிழ்ந்தது. பரணி சாய்ந்தது. கண்ட்ரோலர் கிடுகிடுவென்று அதிர்ந்தது. ஒரு டீ ஆறுகிற நேரம் பிடித்தது. நான் விடவில்லை. கடைசிப் பொடியும் போய், வீரன் பரணியைத் தண்ணீரில் அலசினான். அப்போது எனக்குத் தோன்றியதைச் சொன்னால் நீ சிரிப்பாய். தலையிலிருந்து சும்மாட்டை எடுத்ததும் கழுத்து தானாக மேலே எழும்புமே, ஒரு நிமிஷம் பறக்கிற மாதிரி இருக்குமே, அது.

சேர்த்துவிட்டேன் தாணு. முடித்துவிட்டேன். இசக்கிமுத்து ஒரு கேமை முடித்தான். ஷெட்டில் நிற்பவர்கள் கை தட்டலாம்.

வீரன் கரையேறி வந்தான். மணலில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்து நீளமாக ஏதோ பேசினாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. மைனி வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி போட்டாள்.

"என்ன சொல்லுகா மைனி?"

மைனி முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"‘ஏன்டே இவ்வளவு லேட்டு? நெத்திலி பொரிச்சது ஆறிப்போச்சு. காலக் கழுவிட்டு உள்ள வா’ங்குகா."

அதன் பிறகு விளையாட்டைச் செய்தவர்களின் பேர்கள் ஓடின. எத்தனை பேர்! மேலே போய்க்கொண்டே இருந்தன. மைனி டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் குடித்துக்கொண்டே கடைசிப் பேர் வரை பார்த்தோம். எழுந்திருக்கவில்லை. ஒரு பேரும் வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன, மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

இப்போது புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறோம். கண்ட்ரோலர் மைனி கையில். நீ பார்க்க வேண்டும் அவளை. ஆளில்லாத வீட்டுக்குள் எல்லாம் நுழைகிறாள், அலமாரியைத் திறக்கிறாள், பானைகளை உடைக்கிறாள். "மைனி, அது யாரோ ஒருத்தன் வீடு" என்றால், "அவன் பூட்டிட்டுப் போயிருக்கணும்" என்கிறாள். நேற்று ஒரு ஊர்த் தலைவனைக் காரணமே இல்லாமல் கிணற்றில் தள்ளிவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். நோக்குகூலி கேட்டேன். பழம்பொரி வேண்டுமானால் அடுக்களையில் போய் நானே பொரித்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டு நாளாகப் பொரிக்கிறேன். முதல் நாள் கரிந்துவிட்டது. லதாவுக்கும் எடுத்து வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் தின்று பார்த்துத் திட்டட்டும்.

அந்தக் கிழவி கரையில் உட்கார்ந்துகொண்டு உண்மையில் என்னதான் சொன்னாள் என்று நான் மைனியிடம் கேட்கவில்லை. லதாவிடம் காட்டினால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். காட்டமாட்டேன். தாணு, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: நெத்திலி என்றால் நெத்திலிதான். இனி இந்த வீட்டில் எந்தக் கதை ஓடினாலும் மைனி வாசிப்பதுதான் கதை, யார் செத்தாலும் கடைசிப் பேர் மேலே போகிற வரை நான் எழுந்திருக்கமாட்டேன்.

மூட்டைக்கு மறுமுனை பிடிக்கிற, கூடப் பிறக்காத தம்பி,
இசக்கிமுத்து